உப்பும் உவமையும்

மானத்தைப் பற்றியோ நன்றியைப் பற்றியோ பேச்சு வந்தால் தமிழருக்கு உப்பு வந்துவிடும். ரோஷம் கெட்டவனிடம் "சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?" என்று கேட்கிறோம். உதவியை மறந்தவனுக்கு 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நினைவூட்டுகிறோம். சாரமில்லாத பேச்சு உப்புச் சப்பில்லாதது. அற்பச் சண்டை உப்புப் பெறாதது. இத்தனைக்கும் மளிகைச் சரக்கில் அதுதான் மலிவு.

திருக்குறள் இந்த மலிவான சரக்கை இரண்டு விதமாக ஆள்கிறது. நல்குரவு அதிகாரத்தின் கடைசிக் குறளில் (1050) உப்பு வெறும் உப்புதான். கையில் ஒன்றும் இல்லாதவன் துறந்தும் போகாமல் இருப்பது அடுத்த வீட்டு உப்புக்கும் கஞ்சிக்கும் எமன் என்கிறார் வள்ளுவர். கடுமையான வார்த்தை. புலவி அதிகாரத்தில் (1302) அதே உப்பு ஊடலுக்கு உவமை. ஊடல் அளவோடு இருந்தால் காதல் ருசிக்கும். கொஞ்சம் நீண்டால் கரிக்கும்.

எங்கள் அத்தை குழம்பு கொதிக்கும்போது உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு, "உப்புப் பாரு" என்பார். "ஒரு கல்லு குறையுது" என்றால் கை ஜாடிக்குப் போகும். கூடிப்போனால் உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு ஒப்பேற்றுவார். ஆனால் அந்தப் பழைய ருசி வராது. குறைந்ததைச் சேர்க்கலாம், கூடியதை எடுக்க முடியாது. நீளும் ஊடலுக்கு வள்ளுவர் மிகுந்த உப்பைச் சொன்னதன் நியாயம் அடுப்படியில்தான் விளங்கும்.

சங்கப் புலவர்களுக்கு உப்பு என்றால் உப்பு வணிகரான உமணரின் மாட்டுவண்டியும் கூடவே வரும். மேடுபள்ளத்தில் அச்சு முறிந்தால் மாற்றுவதற்கு வண்டியின் அடியில் இன்னோர் அச்சைக் கட்டியிருப்பார்கள். அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்தச் சேம அச்சு என்கிறார் ஔவையார் (புறநானூறு 102). பரணரோ ஏறமுடியாத கரையில் நிற்கும் உப்பு வண்டியின் மேல் பெருமழையைக் கொட்டவிடுகிறார் (குறுந்தொகை 165). காதலியின் கூந்தலழகைக் கண்ட தலைவனின் நெஞ்சு அப்படிக் கரைகிறதாம். இரண்டு பாட்டிலும் வண்டி நிஜ வண்டி, பாதை நிஜப் பாதை.

இருபதாம் நூற்றாண்டில் ராஜம் கிருஷ்ணன் 'கரிப்பு மணிகள்' நாவலில் தூத்துக்குடி உப்பளத் தொழிலாளர்களை எழுதினார். வெயிலில் பாத்தியில் நின்று உப்பு வாருகிறவருக்கு அது உவமை இல்லை, அன்றைய கூலி. அந்த நாவலைப் படித்த பிறகு, 'உப்பிட்டவர்' என்று நாம் சோறு போட்டவரை மட்டும் நினைப்பது போதவில்லை என்று தோன்றியது. உப்பை விளைவித்தவரும் அந்தக் கணக்கில் சேர வேண்டும்.

புதிதாக எழுத வருகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: ஒரு பொருளை உவமையாக்கும் முன் அதன் எடை, விலை, அது கெட்டுப்போகும் விதம் மூன்றையும் தெரிந்துகொள்ளுங்கள். அது தெரியாமல் எழுதும் உவமை உப்பில்லாப் பண்டம்தான்.