ஆம்ஸ்டர்டாமில் சைக்கிள் சவாரி

அயல்நாட்டு நகரமொன்றில் பத்து நாள் தங்குகிறவர்களுக்கு ஊர் சுற்ற மோட்டார் வண்டி அவசியம் என்பது பலருடைய அபிப்பிராயம். ஆம்ஸ்டர்டாமில் நம் தமக்கை மகன் வீட்டில் தங்கியிருந்தபோது இது தவறென்று தெரிந்துகொண்டோம். "மாமா, இந்த ஊரை உட்கார்ந்தபடியே பார்க்க வேண்டுமானால், சைக்கிளின் மேல்தான் உட்கார வேண்டும்!" என்று சொல்லி, அவன் இரண்டு சைக்கிள்களை வாடகைக்கு எடுத்து வந்து வாசலில் நிறுத்திவிட்டான்.

நம் இல்லாள் கலியாணத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதேயில்லை. நாமோ தினந்தோறும் பள்ளிக்கூடத்துக்குச் சைக்கிளில் போய்வந்து, இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவ்வழக்கத்தைக் கைவிட்டவர்கள். காரணத்தைப் பின்னால் சொல்லுகிறோம்.

முதல் நாள் திட்டம் மிகச் சிறியது. 1865-ல் திறக்கப்பட்ட வொண்டல் பூங்காவுக்குள் ஒரு சுற்று, அவ்வளவுதான். அங்கே மோட்டார்கள் இல்லை. சாலையின் வலப்புறம் செல்வதற்கும், பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிரேக் பிடிக்கும் விந்தைக்கும் கால்களைப் பழக்க அதுவே தக்க இடம். தரையில் வெள்ளை முக்கோணங்கள் நம்மை நோக்கி முனை காட்டினால் நின்று வழிவிட வேண்டும். டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே கடக்கலாமே தவிர அதன் போக்கிலேயே சென்றால் சக்கரம் சிக்கிக்கொள்ளும். இவையும் அன்றைய பாடங்கள்.

இரண்டாம் நாள் நகரத்தின் நடுவே சென்று வழி தப்பினோம். இவ்வூர்க் கால்வாய்கள் அரைவட்டங்களாக ஒன்றையொன்று சூழ்ந்திருப்பதால், நேராகப் போவதாக நினைத்துக்கொண்டே திசை மாறிவிடுகிறோம். சுமார் 85 மீட்டர் உயரமுள்ள மேற்குத் தேவாலயக் கோபுரத்தை அடையாளமாகக் கொண்ட பிறகே வழி பிடிபட்டது. மத்திய ரயில் நிலையத்தின் பின்புறமிருந்து சைக்கிளோடு படகேறி அக்கரைக்கும் போய்வந்தோம். படகுக்குக் கட்டணமே கிடையாது!

மூன்றாம் நாள் ஆம்ஸ்டல் நதிக்கரையோரமாகத் தெற்கே சுமார் 10 கிலோ மீட்டர் தூரத்திலுள்ள ஔடர்கெர்க் கிராமத்துக்குப் புறப்பட்டோம். இந்நாட்டில் மேடு இல்லை; அதற்குப் பதில் காற்று இருக்கிறது. அது பெரும்பாலும் தென்மேற்கிலிருந்து வீசுவதால், போகும்போது எதிர்காற்றும் திரும்பும்போது பின்காற்றுமாக வழியை அமைப்பதே புத்திசாலித்தனம். கிராமப் புறத்தில் வழிகள் கூடுமிடந்தோறும் எண் பொறித்த பலகைகள் இருக்கின்றன. எண்களை வரிசையாக ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டால் வழி கேட்கவே வேண்டாம்.

கிராமத்தை அடைந்தபோது பள்ளிக்கூடம் விட்ட நேரம். பத்து வயதுப் பிள்ளைகள் சைக்கிள்களில் சிரித்துப் பேசிக்கொண்டு, பெரியவர் துணையின்றிச் சென்றார்கள். இல்லாள் நம் முகத்தைப் பார்த்தாள். "அந்தப் பெண்ணை நினைத்துக்கொண்டீர்களா?" என்றாள்.

ஆம். நம் பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பள்ளிக்கு வரும்போது லாரி மோதி இறந்துபோனாள். நமக்குப் பத்து கஜம் முன்னால்தான் போய்க்கொண்டிருந்தாள். அன்றோடு நாம் சைக்கிளை விட்டோம்.

இத்தேசத்தாருக்கு மட்டும் அதிர்ஷ்டம் வானத்திலிருந்து விழுந்ததா? இல்லை. 1971-ல் இங்கே சாலை விபத்துகளில் 3000 பேருக்கு மேல் மாண்டனர்; அவர்களில் 400-க்கு மேற்பட்டவர்கள் குழந்தைகள். 1972-ல், மகளைப் பறிகொடுத்த பத்திரிகையாளர் ஒருவர் 'குழந்தைக் கொலையை நிறுத்துங்கள்' என்ற தலைப்பில் கட்டுரை எழுதினார். அத்தலைப்பே ஓர் இயக்கத்தின் பெயராயிற்று. பெற்றோர் வீதியில் இறங்கினார்கள். 1973-ல் எண்ணெய்த் தட்டுப்பாடும் சேர்ந்துகொள்ள, ஞாயிற்றுக்கிழமைகளில் மோட்டார்களை நிறுத்தி வைத்தார்கள். பின்னர் ஆண்டுக்கு ஆண்டு சைக்கிள் பாதைகள் பெருகின. நாம் மூன்று நாளாகச் சுகமாகச் சென்ற பாதை, அழுத தாய்மார் கேட்டு வாங்கிய பாதை.

திரும்பும்போது பின்காற்று தள்ளியது. நாங்கள் இருவரும் அதிகம் பேசவில்லை.

ஊர் வந்ததும் முதற்காரியமாகப் பழைய சைக்கிளைத் துடைத்துக் காற்றடித்தோம். இரண்டாவதாக, பள்ளிக்கூட வாசலிலிருந்து கடைத்தெரு வரையில் சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டு நகராட்சிக்கு ஒரு விண்ணப்பம் எழுதினோம். முதல் கையெழுத்து அப்பெண்ணின் தாயாருடையது.