ரெஃபரன்ஸ் பக்கத்தில் நான் மறைத்த பெயர்

விஸ்காம் இறுதியாண்டு மாணவர்களுக்கு மியூசிக் வீடியோ பாடம் தொடங்கும்போதெல்லாம் பியான்சேயின் ‘கவுன்ட்டவுன்’ விவகாரத்தைச் சொல்வேன். 2011இல் வந்த அந்த வீடியோவில், பெல்ஜியத்து நடன அமைப்பாளர் ஆன் தெரசா டி கீர்ஸ்மேக்கர் 1983இல் அமைத்த ‘ரோசாஸ் டான்ஸ்ட் ரோசாஸ்’ நடனத்தின் அசைவுகள் அப்படியே இருந்தன. அவர் பகிரங்கமாகக் கேள்வி எழுப்பினார். தங்களுக்குத் தூண்டுதலாக இருந்த பலவற்றில் அதுவும் ஒன்று என்று பியான்சே தரப்பு ஒப்புக்கொண்டது. இரண்டையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிடுவேன். வகுப்பே ‘ஓ’ என்று கத்தும். தூண்டுதல் எது, திருட்டு எது என்று அடுத்த அரை மணி நேரம் பேசுவேன். நன்றாகவே பேசுவேன். இந்த விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு என்பதை மட்டும் இதுவரை எந்த வகுப்பிலும் சொன்னதில்லை.

நான் படித்தபோது கடைசி செமஸ்டரில் ஒரு மியூசிக் வீடியோ எடுத்துக் கொடுக்க வேண்டும். கூடவே ஒரு ஃபைல். ஏற்கெனவே வந்த வீடியோக்கள் சிலவற்றை அலசி, அவற்றிலிருந்து எதைக் கற்றோம், நம் வீடியோவில் அது எங்கே வருகிறது என்று அதில் எழுத வேண்டும். எங்கள் குழுவில் ஒருவன் பாட்டு எழுதி, மெட்டுப் போட்டு, தானே பாடுவான். அவன் அம்மா தாம்பரத்தில் அதிகாலை மின்சார ரயில் ஏறி, பீச் ஸ்டேஷனில் இறங்கி, பாரிமுனையில் ஒரு அலுவலகத்தைப் பெருக்கித் துடைக்கப் போகிறவர். பாட்டு அவரைப் பற்றியது. கேமராவும் எடிட்டிங்கும் என் பொறுப்பு. டைரக்‌ஷனும் நான்தான் என்று நானே அறிவித்துக்கொண்டேன்.

அலசல் என்ற பெயரில் நான் செய்தது இதுதான்: வீடியோவை ஓடவிட்டு, சத்தத்தை மியூட் செய்து, நோட்டில் கட்டம் போட்டேன். க்ளோசப்பா, மிட் ஷாட்டா, வைடா, எத்தனை வினாடி, கேமரா நகர்கிறதா, கட் எங்கே விழுகிறது. மியூட்டில் பார்த்தால்தான் கட் கண்ணில் படும் என்று சீனியர் ஒருவர் சொல்லியிருந்தார். ஒரு சுற்றுக்கு அது சரியான யோசனைதான். நான் சத்தத்தைத் திரும்ப வைக்கவே இல்லை. காட்சி பாட்டின் வரியை அப்படியே காட்டலாம், அதைப் பெரிதாக்கலாம், இல்லையென்றால் வரிக்குச் சம்பந்தமில்லாமலும் போகலாம் என்று ஆண்ட்ரூ குட்வின் 1992இல் வந்த தன் புத்தகத்தில் பிரித்துச் சொல்கிறார். வைவாவில் கேட்பார்களே என்று அதையும் மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். பாட்டையே கேட்காதவனுக்கு இந்த மூன்றில் எது நடக்கிறது என்று எப்படித் தெரியும்?

அந்தச் சமயத்தில்தான் பர்மா பஜார் டிவிடி ஒன்றில் மிஷேல் கோந்த்ரியின் ‘ஸ்டார் கிட்டார்’ கிடைத்தது. கெமிக்கல் பிரதர்ஸ் குழுவுக்காக அவர் எடுத்து, 2002இல் வந்தது. ஓடும் ரயிலின் ஜன்னல், வெளியே நகரும் கம்பங்கள், பாலங்கள், கட்டடங்கள். அவ்வளவுதான். கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரியும், ஒவ்வொரு கம்பமும் ஒவ்வொரு தட்டுக்குச் சரியாக வந்து போகிறது என்று. முதல் முறை சத்தத்தோடு பார்த்து அசந்துபோனேன். அடுத்த முறை வழக்கம்போல மியூட் செய்துவிட்டு நோட்டை எடுத்தேன். ஆள் இல்லை, கட் தெரியவில்லை, நகர்வதெல்லாம் ரயில்தான். என் கட்டத்தில் ஒரே ஒரு வரி விழுந்தது. அட, இவ்வளவுதானா, சுலபம் என்று நினைத்தேன்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருந்த வேலையைப் பல வருஷம் கழித்துத்தான் படித்தேன். ஆரஞ்சுப் பழம், முள்கரண்டி, புத்தகம், கண்ணாடி டம்ளர், ஷூ என்று கையில் கிடைத்ததையெல்லாம் வரிசையாக அடுக்கி, எந்தச் சத்தத்துக்கு எந்தப் பொருள் என்று கோந்த்ரி முதலில் பாட்டையே கண்முன் பரப்பியிருக்கிறார். பிரான்சில் நீம் நகருக்கும் வலான்ஸுக்கும் இடையே ஒரே பாதையில் வெவ்வேறு நேரத்து வெளிச்சத்தில் திரும்பத் திரும்பப் போய்ப் படம்பிடித்து, அதைக் கம்ப்யூட்டரில் துண்டு துண்டாகக் கோத்திருக்கிறார். ஜன்னல் கடைசியில் வந்தது. நான் ஜன்னலை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

தாம்பரம் - பீச் ரயிலில் ஏறி ஜன்னலில் கேமராவை வைத்தேன். கிண்டி தாண்டி அடையாற்றுப் பாலம், மாம்பலத்துக் கூட்டம், கோடம்பாக்கத்துச் சுவர் போஸ்டர்கள். பார்க்க அழகாகத்தான் இருந்தது. எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது ஒரு கம்பம்கூடத் தாளத்தில் விழவில்லை. வேகத்தைக் கூட்டி, குறைத்து, ஏதோ ஒட்டவைத்தேன்.

பாடினவன் பார்த்துவிட்டு, “டேய், அம்மா எங்கடா?” என்றான்.

“அந்த ரயில்தான்டா அம்மா” என்றேன். வெட்கமே இல்லாமல் சொன்னேன். அவனுக்குத் தெரியாத வெளிநாட்டு டைரக்டர்கள் பெயராக அடுக்கி அவன் வாயை அடைத்தேன். அதில் கோந்த்ரி பெயர் மட்டும் வராமல் பார்த்துக்கொண்டேன். அவன் அம்மா ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங்குக்கு வருவதாகச் சொல்லி, எந்தப் புடவை கட்டட்டும் என்று மகனிடம் கேட்டிருந்தார். என் கான்செப்டுக்கு ஆள் வேண்டாம் என்று அதை ரத்து செய்தவன் நான்.

ஃபைலில் ரெஃபரன்ஸ் பக்கம் எழுதும் நேரம் வந்தது. பாப் டிலன் 1965இல் லண்டன் சந்து ஒன்றில் நின்று, பாட்டு வரிகள் எழுதிய அட்டைகளை ஒவ்வொன்றாகக் கீழே போடும் காட்சியைப் பற்றி எழுதினேன். ஸ்பைக் ஜோன்ஸ் ஒரு சினிமா தியேட்டர் வாசலில் அனுமதி வாங்காமல் எடுத்து, 1999இல் வந்த ‘பிரெய்ஸ் யூ’ வீடியோ பற்றியும் பக்கம் பக்கமாக எழுதினேன். இரண்டுக்கும் எங்கள் வீடியோவுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எடுத்ததை மறைக்க, எடுக்காததை எழுதினேன்.

வைவாவில் வெளியிலிருந்து வந்த எக்ஸாமினர் கேட்டார்: “நல்லா இருக்கே, இந்த ஐடியா எப்படிப்பா தோணுச்சு?”

“தினமும் ட்ரெய்ன்ல வரும்போது ஜன்னல் வழியா பார்ப்பேன் சார். அப்ப தோணுச்சு.”

நான் ஹாஸ்டல்காரன். தினமும் ட்ரெய்னில் வந்தவன் என் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். அவன் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் குழுவில் அதிக மதிப்பெண் எனக்கு. அவன் பாட்டுதானே பாடினான் என்று அவனுக்குக் குறைவு.

எடுத்தாள்வதில் தவறில்லை. டிலனின் அட்டையை எத்தனையோ பேர் எடுத்தாண்டிருக்கிறார்கள். அது யாருடையது என்பது ஊருக்கே தெரியும் என்பதால் அதைத் திருட்டு என்று யாரும் சொல்வதில்லை. ‘ஸ்டார் கிட்டார்’ போலச் செய்து பார்த்தோம் என்று ஒரு வரி எழுதியிருந்தால் எனக்கு நாலு மார்க் குறைந்திருக்கும், அவ்வளவுதான். இன்னொன்றும் இருக்கிறது. டி கீர்ஸ்மேக்கர் 2013இல் அதே நடனத்தின் அசைவுகளைத் தானே சொல்லிக்கொடுத்து, யார் வேண்டுமானாலும் ஆடிப் படமெடுத்து அனுப்பலாம் என்று அழைத்தார். வகுப்பில் அந்தப் பகுதிக்கு நேரம் இல்லை என்று தாண்டிவிடுவேன். நேரம் எப்போதும் இருந்தது.

போன செமஸ்டரில் ஒரு மாணவி, “சார், நீங்க படிக்கும்போது எடுத்த வீடியோவைக் காட்டுங்களேன்” என்றாள். தொலைந்துவிட்டது என்றேன். வீட்டில் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. அடுத்த வகுப்பில் ‘கவுன்ட்டவுன்’ ஓடி முடிந்ததும் அதைத்தான் போடப்போகிறேன், ‘ஸ்டார் கிட்டா’ரோடு சேர்த்து.

அதற்குள் இது அந்தப் பாட்டைப் பாடினவன் கண்ணில் பட்டால்: ஐடியா கோந்த்ரியுடையது, வைவாவில் நான் சொன்ன கதை உன்னுடையது. ஞாயிற்றுக்கிழமை ஷூட்டிங் வேண்டாம் என்றது நீயில்லை, நான்தான் என்று அம்மாவிடம் சொல்லிவிடு.