வாலிக்காகக் கோபப்பட்ட அப்பாயி... சர்டிஃபிகேட் பார்க்கும் அம்மா! வாலிகண்டபுரத்திலிருந்து ஒரு சினிமாப் பயணம்

சென்னையிலிருந்து திருச்சிக்குக் காரில் போகிறவர்கள் வாலிகண்டபுரத்தைப் பெரும்பாலும் ஒரு பெயர்ப்பலகையாகத்தான் பார்த்திருப்பார்கள். பெரம்பலூர் வருவதற்குச் சற்று முன்னால் ஊர் வந்து போய்விடும். சாலையை விட்டு உள்ளே திரும்பினால்தான் வாலீஸ்வரர் கோயில் கோபுரமும், அதைச் சுற்றியிருக்கும் பழைய ஊரும் கண்ணில்படும். கிஷ்கிந்தையின் வாலி சிவனை வழிபட்ட இடம் என்பது ஊரின் நம்பிக்கை. பெயரே அதைத்தான் சொல்கிறது.

இந்த ஊரில் தியேட்டர் கிடையாது. படம் பார்க்க வேண்டுமென்றால் பெரம்பலூருக்கு இருபது நிமிட பஸ் பயணம். பெரிய ஸ்கிரீன், ஏ.சி, பாப்கார்ன் என்று ஆசைப்பட்டால் திருச்சி. அதற்கு ஒரு முழு நாளை ஒதுக்க வேண்டும்.

கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் இருக்கும் ஒரு குடும்பத்துக்கு இந்த வருஷம் சினிமா என்பது கொஞ்சம் அவசரமான விஷயமாகிவிட்டது. வீட்டுக்காரர் வளைகுடாவில் வேலை பார்க்கிறார். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை 45 நாள் லீவு. எட்டாவது படிக்கும் பையனுக்கும் மூன்றாவது படிக்கும் பெண்ணுக்கும் வீடியோ காலில் அவர் கொடுத்திருந்த வாக்கு ஒன்றே ஒன்றுதான்: “ஊருக்கு வந்ததும் எல்லாரும் சேர்ந்து படத்துக்குப் போறோம்.”

வந்த முதல் ஞாயிற்றுக்கிழமையே போனார்கள். பையன் தேர்ந்தெடுத்த படம். டிரெய்லரில் பாட்டு, காமெடி, கார் சேஸ் எல்லாம் இருந்தன. தியேட்டரில் படம் தொடங்கிப் பத்து நிமிஷத்தில் அரிவாள் வந்தது. அதற்குப் பிறகு அது போகவே இல்லை. பாப்பா அம்மாவின் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்தவள், இடைவேளை வரை நிமிரவில்லை.

“பாதியில எழுந்து வந்துட்டோம். பையனுக்கு ஒரே கோபம். இவருக்கு அதைவிட வருத்தம். ரெண்டு வருஷமா அங்க உட்கார்ந்து இந்த ஒரு நாளை நினைச்சுக்கிட்டு இருந்தவரு. பஸ் ஸ்டாண்டுல புரோட்டா வாங்கிக் கொடுத்தாரு, யாரும் சரியா சாப்பிடலை” என்கிறார் அந்த அம்மா. அன்று ராத்திரி பாப்பா விளக்கை அணைக்க விடவில்லை.

தியேட்டரில் படம் ஓடத் தொடங்கியதும் தணிக்கைச் சான்றிதழ் திரையில் வருகிறது. ஆனால் அதற்குள் டிக்கெட்டைக் கிழித்துவிடுகிறார்களே! வீட்டிலேயே பார்த்துவிடுவதுதான் வழி. முன்பெல்லாம் ‘யு/ஏ’ என்ற ஒரே சான்றிதழ்தான் இருந்தது. 2023-ல் ஒளிப்பதிவுச் சட்டத்தைத் திருத்திய பிறகு, அது யு/ஏ 7+, யு/ஏ 13+, யு/ஏ 16+ என மூன்றாகப் பிரிந்திருக்கிறது. ‘ஏ’ படமென்றால் 18 வயதுக்குக் குறைந்தவர்களைத் தியேட்டரில் அனுமதிக்கக் கூடாது. யு/ஏ அப்படியல்ல. அந்த எண் பெற்றோருக்கான எச்சரிக்கைதான். எட்டு வயதுக் குழந்தையை 16+ படத்துக்குக் கூட்டிப்போனால் வாசலில் யாரும் தடுக்கப்போவதில்லை. முடிவு அப்பா, அம்மா கையில்தான். டிக்கெட் புக் பண்ணும் ஆப்பில் படத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே இந்த எண் இருக்கும். நம்மில் பலரும் அதைத் தாண்டி நேராக ஸீட் நம்பருக்குப் போய்விடுகிறோம்.

“எனக்கு இதெல்லாம் தெரியாது. நாங்க சின்னப்புள்ளையா இருந்தப்ப இந்த யோசனையே கிடையாது” என்கிறார் அந்த அம்மா. 1999-ல் ‘படையப்பா’ வந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. தெருவே சேர்ந்து மினி டோரில் பெரம்பலூருக்குப் போனதாம். அன்றைக்குப் படத்தைவிட, திரும்பி வரும்போது எல்லாரும் பாடிக்கொண்டு வந்ததுதான் அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது.

டூரிங் டாக்கீஸும் வாலியும்

இந்த வீட்டில் சினிமாக் கதை கேட்க வேண்டுமென்றால் அப்பாயியிடம்தான் உட்கார வேண்டும். எழுபதைத் தாண்டியவர். பிறந்ததும் வாழ்க்கைப்பட்டதும் இதே ஊர். பக்கத்தில் எங்காவது டூரிங் டாக்கீஸ் கொட்டகை போட்டால் வைக்கோல் பரப்பிய மாட்டுவண்டியில் குடும்பமே கிளம்புமாம். இருட்டிய பிறகுதான் ஆட்டம். கொட்டகைக்குள் வெளிச்சம் வந்தால் திரையில் படம் தெரியாது என்பதால் பகல் காட்சி கிடையாது. குழாய் ரேடியோவில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டுவிட்டால் டிக்கெட் கொடுக்கப்போகிறார்கள் என்று அர்த்தம். தரை, பெஞ்சு, சேர் என மூன்று வகுப்பு. தரை டிக்கெட்காரர்கள் மண்ணைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்துகொள்வார்கள். பின்னால் இருப்பவர் அதைக் காலால் தட்டிவிட, அங்கே ஒரு சண்டை நடக்கும். ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்றும்போதெல்லாம் இடைவேளை. முறுக்கும் கடலையும் விற்பவருக்கு அது போதாதா?

அப்படி ஒரு கொட்டகையில் அவர் பார்த்த படம் ‘சம்பூர்ண ராமாயணம்’. 1958-ல் வெளியாகி, பிறகு வருஷக்கணக்கில் கொட்டகை கொட்டகையாகச் சுற்றிய படம். என்.டி.ராமாராவ் ராமர், பத்மினி சீதை, சிவாஜி பரதன். சிவாஜி அழுதபோது கொட்டகையே அழுததாம். சிறுமியாக இருந்த அப்பாயிக்கு மட்டும் வேறு வருத்தம்.

“எங்க ஊரு சாமியக் கும்பிட்டவன் வாலி. அவன மரத்துக்குப் பின்னாடி நின்னுக்கிட்டு அடிச்சா நாயமா? நான் அப்பவே கத்திட்டேன். எங்க அப்பாரு வாயைப் பொத்தி உட்கார வச்சாரு” என்று சொல்லிவிட்டுச் சிரிக்கிறார். ராமர் பக்கம் நியாயம் சொல்ல வீட்டில் இன்றுவரை யாருக்கும் தைரியம் வரவில்லை.

இந்த வட்டாரத்துக்கும் சினிமாவுக்கும் இன்னும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் அங்கே படம் காட்ட வந்த டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் படச்சுருள்களையும் வாங்கி, ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டக் கிளம்பினார். தமிழ்நாட்டு டூரிங் சினிமாவின் தொடக்கம் அதுதான். அந்தப் பிரெஞ்சுக்காரர்களுக்கு 1670-களில் புதுச்சேரியில் இடம் கொடுத்தவர் யார் தெரியுமா? பீஜப்பூர் சுல்தானின் கீழ் வாலிகண்டபுரத்தில் இருந்து ஆண்ட ஷேர்கான் லோடி! இப்போது நெடுஞ்சாலை ஓரத்து ஊராகத் தெரியும் வாலிகண்டபுரம், ஒரு காலத்தில் அவ்வளவு பெரிய இடம். வடக்கே சில கிலோமீட்டரில் நிற்கும் ரஞ்சன்குடி கோட்டையையொட்டி 1751-ல் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதிக்கொண்டதையும் இந்த ஊர்ப் பெயரால்தான் வரலாற்றில் குறிக்கிறார்கள்.

அப்பாயியின் கதையைக் கேட்ட மறுநாள், மகன் யூடியூபில் ‘சம்பூர்ண ராமாயணம்’ தேடி டி.வி-யில் போட்டார். பையன் அரை மணி நேரத்தில் போனை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டான். பாப்பா நகரவில்லை. அம்பு பட்டாலும் ரத்தம் தெறிக்காத சண்டை அவளுக்குப் பிடித்திருந்தது. வாலிக்கு என்ன ஆச்சு என்று நச்சரித்தவளை, சாயங்காலம் அப்பாவே வாலீஸ்வரர் கோயிலுக்குக் கூட்டிப்போனார். கல் தூண்களில் இருக்கும் சிற்பங்களில் வாலியைத் தேடி இருவரும் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நடை சாத்தும் வரை வீட்டுக்குத் திரும்பவில்லை.

மறுபடியும் ஒரு ஞாயிறு

லீவு முடிய ஒன்பது நாள்தான் பாக்கி. இன்னொரு முறை தியேட்டருக்குப் போயே ஆக வேண்டும் என்று அப்பாவுக்குப் பிடிவாதம். இந்த முறை தேர்வு செய்தவர் அம்மா. மூன்று படங்களின் சான்றிதழைப் பார்த்து, இரண்டு விமர்சனம் படித்து, ஏற்கெனவே பார்த்துவிட்டு வந்த பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒரு தடவை கதையைக் கேட்டு, கடைசியில் ஒரு ‘யு’ படம். செலவையும் பார்த்துக்கொண்டார். 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி 12-லிருந்து 5 சதவிகிதமாகக் குறைந்துவிட்டது. அதற்கு மேல் போனால் 18. ஐந்து பேர் என்றால் யோசிக்கத்தானே வேண்டும்?

ஆமாம், இந்த முறை ஐந்து பேர். “அந்த ஏ.சி குளிரு எனக்கு ஆகாது” என்று மூன்று நாளாக மறுத்த அப்பாயி, ஞாயிறு காலையில் கம்பளிச் சால்வையோடு முதல் ஆளாகக் கிளம்பி நின்றார். பையில் வீட்டில் சுட்ட முறுக்கு. உள்ளே விட மாட்டார்கள் என்று பேரன் எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. “முறுக்கு இல்லாம என்னடா படம்?”

பஸ் ஸ்டாப்பில் திருச்சி பஸ்கள் இரண்டு நிற்காமல் பறந்தன. பாப்பா அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள்.

“அம்மா, இந்தப் படத்துல யாராச்சும் செத்துப்போவாங்களா?”

“இல்லடா. ஒரு நாய்க்குட்டி காணாமப் போகும். ஆனா திரும்பி வந்துடும். நான் கேட்டுட்டேன்.”

“கதையைச் சொல்லிட்டீங்களேம்மா” என்று பையன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். அதற்குள் பெரம்பலூர் டவுன் பஸ் வந்துவிட, அப்பாயியைக் கைத்தாங்கலாக ஏற்றிவிட்டு, மகன் கடைசியாகத் தொற்றிக்கொண்டார்.