வாடகைக்குப் போன கப்பல்

ஹாலந்து நாட்டின் ரோட்டர்டாம் நகருக்குச் செல்வோர் மாஸ் ஆற்றின் தென்கரையிலுள்ள வில்ஹெல்மினாத் துறைமேடையைக் காணாமல் திரும்புவது அரிது. ஆற்றுக்குள் நீண்டு கிடக்கும் அந்நிலமுனையின் நுனியில், இரு சிறு கோபுரங்களைத் தலையில் தாங்கியவாறு ஒரு பழைய கட்டடம் நிற்கின்றது. அதனைச் சூழ வானளாவிய கண்ணாடி மாளிகைகள். நெடுநெடுவென வளர்ந்துவிட்ட பேரப்பிள்ளைகளின் நடுவே நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் பாட்டனாரைப் போல அஃது அவற்றிடையே காட்சியளிக்கின்றது. இன்று அதன் பெயர் ‘ஹோட்டல் நியூயார்க்’. 1993-ஆம் ஆண்டு விடுதியாகத் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர், ஹாலந்து அமெரிக்கக் கப்பற் கம்பெனியின் தலைமையகமாகப் பல்லாண்டுகள் விளங்கியது.

1873-இல் தோன்றிய அக்கம்பெனி, செல்வந்தரின் உல்லாசத்தால் வளர்ந்ததன்று. ஐரோப்பாவின் கீழ்த்திசை நாடுகளிலிருந்து வறுமைக்கும் கொடுமைக்கும் அஞ்சி வெளியேறிய இலட்சக்கணக்கான ஏழை மக்களைக் கப்பலின் அடித்தளத்தில் ஏற்றி நியூயார்க்கில் இறக்கிவிட்டே அது தழைத்தது. அமெரிக்க அதிகாரிகள் யாரையேனும் நோயாளி என்று திருப்பி அனுப்பினால், கம்பெனி தன் செலவில் அவரைத் திரும்பக் கொணர வேண்டும். ஆதலால் பயணிகளை இக்கரையிலேயே மருத்துவச் சோதனை செய்து, தேறியவரை மட்டுமே ஏற்றினர். தேறாதவர் இத்துறையில் நின்று, தம் குடும்பத்தார் ஏறிய கப்பல் கண்ணுக்கு மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்திருப்பர்.

அந்நினைவாகப் போலும், விடுதிக்குச் செல்லும் வழியில் ஒரு விந்தையான சிற்பத்தை வைத்திருக்கின்றனர். பெட்டிகளும் கூடைகளும் மூட்டைகளும் அடுக்கடுக்காகக் குவிந்து கிடக்கின்றன, அத்தனையும் வார்ப்பிரும்பு. கனடா நாட்டுக் கலைஞர் ஜெஃப் வால் என்பார் 2001-இல் அமைத்தது. ‘தொலைந்த பெட்டிகளின் கிடங்கு’ என்பது அதன் பெயரின் பொருள். மனிதர் எவரும் அச்சிற்பத்தில் இல்லை.

இதே மேடையில்தான் இன்றைய உல்லாசக் கப்பல்களும் வந்து கட்டுகின்றன. சக்கரம் வைத்த பெட்டிகளை இழுத்துக்கொண்டு, வெயிற் கண்ணாடியும் தொப்பியுமாக மக்கள் இரும்புப் பெட்டிகளைக் கடந்து செல்கின்றனர். அவர்கள் கையிலிருக்கும் முன்பதிவுச் சீட்டைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். ஏனெனில், நாம் சொல்ல வந்த செய்தி அச்சீட்டில்தான் இருக்கின்றது.

உல்லாசக் கப்பலின் அறைகளை ஓராண்டு, சில வேளைகளில் ஈராண்டு முன்னதாகவே விற்கத் தொடங்கிவிடுகின்றனர். முன்பணம் கட்டி, அலுவலகத்தில் விடுப்புக்கு எழுதிக்கொடுத்து, துறைமுகம் வந்து சேர விமானச் சீட்டும் வாங்கிவிட்ட பின்னர், ஒரு நாள் கம்பெனியிடமிருந்து கடிதம் வருகின்றது. கப்பல் முழுவதும் ஒரு குழுவினருக்கு வாடகைக்கு விடப்பட்டுள்ளது. ஆகவே தங்கள் முன்பதிவு இரத்துச் செய்யப்படுகின்றது. பணத்தைத் திரும்பப் பெறலாம், அல்லது வேறு தேதியில் வேறு பயணத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். இவ்வாறு முழுக் கப்பலையும் ஒருவரே வாடகைக்கு எடுப்பதைச் ‘சார்ட்டர்’ என்பர். அப்படி விட்டுவிடும் உரிமை கம்பெனிக்கு உண்டென்பது, யாரும் படிக்காத ஒப்பந்தத்தின் பொடி எழுத்துகளில் எழுதப்பட்டிருக்கும்.

கம்பெனியின் கணக்கு எளிமையானது. ஆயிரம் பேருக்கு ஆயிரம் சீட்டு விற்பதைவிட, ஒருவரிடம் ஒரே கையெழுத்தில் அத்தனை அறைகளையும் விற்றுவிடுவது மேல். அறை காலியாகக் கிடந்தால் அந்நட்டம் வாடகைக்கு எடுத்தவரைச் சேரும். ஒரு பாடகரின் இரசிகர் கூட்டத்தைத் திரட்டுவோரும், தம் விற்பனையாளர்களுக்கு விருந்தளிக்க விரும்பும் வணிக நிறுவனத்தாரும் இவ்வாறு கப்பலை எடுத்துக்கொள்கின்றனர். நம் ஊர்ப் பந்தியில் முந்தி வந்தவருக்கு முதல் இலை. இங்கோ முந்திப் பதிந்தவருக்கே முதல் இழப்பு. விமானச் சீட்டைத் தாமே தனியாக வாங்கியிருந்தால், அந்தப் பணம் முழுவதும் கைக்குத் திரும்புமென்று பெரும்பாலும் சொல்வதற்கில்லை. பணத்தைவிட, அந்த நாள்களுக்காக எண்ணி எண்ணிக் காத்திருந்த காத்திருப்பை யார் திருப்பித் தருவது?

இப்பழக்கத்தை அறிந்தபோது, இதில் பணம் உள்ளவன் பந்தியையே விலைக்கு வாங்கும் வழக்கன்றி வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை. ரோட்டர்டாமின் கதையை அறிந்தபின் அவ்வளவு உறுதியாகச் சொல்ல இயலவில்லை.

2022-ஆம் ஆண்டு பிப்ரவரி 24-ஆம் நாள் ரஷ்யப் படைகள் உக்ரைன் நாட்டினுள் முழு வீச்சில் நுழைந்தன. பல இலட்சம் மக்கள் மேற்கு நோக்கி வெளியேறினர். பதினெட்டு வயதுக்கும் அறுபது வயதுக்கும் இடைப்பட்ட ஆடவர் நாட்டைவிட்டு வெளியேறத் தடையிருந்தமையால், வந்தவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும் முதியோருமே. ஹாலந்து நகரங்கள் அவர்களுக்கு இடம் தேடின. வீட்டுப் பஞ்சம் முன்னரே மிகுந்திருந்த நாடு அது. அப்போது ரோட்டர்டாம் நகராட்சி ஓர் உல்லாசக் கப்பலை முழுமையாக வாடகைக்கு எடுத்தது. கப்பலின் பெயர் ‘வோலண்டம்’. அதே ஹாலந்து அமெரிக்கக் கம்பெனியின் கப்பல். ஒரு காலத்தில் அகதிகளை இந்நகரிலிருந்து ஏற்றிச் சென்ற கம்பெனியின் கப்பல், இம்முறை அகதிகளுக்கு இந்நகரிலேயே வீடாக வந்து நின்றது.

வோலண்டம் என்பது ஆம்ஸ்டர்டாமுக்கு வடக்கேயுள்ள மீனவர் ஊர். சுற்றிலும் சீர்திருத்த சபையினர் மிகுந்த வட்டாரத்தில் கத்தோலிக்கராகவே நிலைத்துவிட்ட ஊர் அஃது என்றால், நம் வாசகர் சிலருக்கு அதன்மேல் ஒரு சொந்தம் பிறக்கக்கூடும்.

1999-இல் இத்தாலியில் கட்டப்பட்ட இக்கப்பல், ஏறக்குறைய 1,400 பயணிகள் தங்கக் கூடியது. கொள்ளை நோய்க் காலமான 2020 மார்ச் முதல் ஈராண்டுகளாகப் பயணிகளின்றி இருந்து, 2022 மே மாதம் மீண்டும் உலாப் புறப்பட வேண்டியிருந்தது. ஏப்ரலில் அது மேர்வேத் துறைக்கு இழுத்து வரப்பட்ட இரதம்போல் வந்து நின்றது. நகரின் மேற்குப் பகுதியில் உள்ள பழைய சரக்குத் துறை அது. சுற்றுலாப் பயணிகள் எட்டிப் பார்க்கும் இடமன்று. சுமார் 1,500 பேருக்கு அறையும், நாளுக்கு மூன்று வேளை உணவும் அங்கே அளிப்பதென ஏற்பாடு. கம்பெனியின் வழக்கப்படி இந்தோனேசியரும் பிலிப்பினோக்களும் நிறைந்த பணியாளர்கள், உல்லாசப் பயணிகளுக்கு விரிக்கும் அதே படுக்கைகளை அகதிகளுக்கு விரித்தனர்.

மூன்று மாதத்துக்கென எடுத்த வாடகை செப்டம்பர் வரை நீண்டது. உலாச் செல்வோர்க்கு ஒரு வாரத்துக்கு விசாலமாகத் தோன்றும் அறை, இரு பிள்ளைகளுடன் ஒரு தாய் மாதக்கணக்கில் வாழ்வதற்கு எவ்வளவு சிறிதென்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆயினும் கதவைச் சாத்தித் தாழிட்டுக்கொள்ளத் தமக்கென ஓர் அறை. விளையாட்டரங்கின் தரையில் வரிசையாய்க் கிடந்த கட்டில்களிலிருந்து வருவோர்க்கு அத்தாழ்ப்பாளின் அருமை தெரியும்.

நகராட்சி இவ்வாறு செய்ததில் வியப்பில்லை என்பேன். ரோட்டர்டாமின் பழைய வீதிகளைத் தேடி அலைந்தால் காண முடியாது. 1940-ஆம் ஆண்டு மே 14-ஆம் நாள் பிற்பகல், கால் மணி நேரத்துக்குள் ஜெர்மானிய விமானங்கள் நகரின் நெஞ்சப் பகுதியைக் குண்டு வீசி எரித்துவிட்டன. நூற்றுக்கணக்கானோர் மாண்டனர், ஏறக்குறைய 80,000 பேர் வீடிழந்தனர். தூய லாரன்ஸ் பேராலயம் கூரையிழந்து சுவர்களுடன் நின்றது. அதனைச் செப்பனிட்டு முடிக்க 1968 ஆயிற்று. துறைமுகத்தருகே சட்கீன் என்னும் சிற்பி வடித்து 1953-இல் நிறுவிய வெண்கல உருவம் ஒன்று இரு கைகளையும் வானை நோக்கி உயர்த்தி அலறுகின்றது. அதன் மார்பில் இதயம் இருக்க வேண்டிய இடம் வெறும் ஓட்டை. அவ்வோட்டையினூடே வானம் தெரிகின்றது. அங்கே நான் நெடுநேரம் நின்றேன். பள்ளிப் பிள்ளைகள் சிலர் அதன் அடியில் அமர்ந்து ரொட்டி தின்றுகொண்டிருந்தனர்.

ஆனால் நம் பயணிகளை மறந்துவிடலாகாது. கப்பல் மேர்வேத் துறையில் நின்றமையால், மே மாதத்திலிருந்து அதில் செல்ல முன்பதிவு செய்திருந்தோரின் பயணங்கள் இரத்தாயின. வாடகை நீண்டபோது, மேலும் சில பயணங்களும் இரத்தாயின. உல்லாசப் பயணிகளுள் பெரும்பகுதியினர் ஓய்வு பெற்றவர். கொள்ளை நோயால் முன்னரே ஒருமுறையோ இருமுறையோ பயணம் தள்ளிப்போனவர்களும் அவர்களுள் இருந்திருப்பர். அந்த வயதில் ‘அடுத்த ஆண்டு’ என்பது அனைவருக்கும் உறுதியான சொல்லன்று. அவர்களது வருத்தத்தைப் பணக்காரரின் சிணுங்கல் எனத் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அகதிப் பெண்ணின் துயரத்துக்கு முன் அது சிறியது என்பது மெய்யே. சிறியது என்பதால் இல்லாதது ஆகிவிடுமா?

இன்னொன்றும் உறுத்துகின்றது. நகராட்சி பாராட்டப்பட்டது, கம்பெனி பாராட்டப்பட்டது. தம் அறையைக் காலி செய்து கொடுத்தவர்களோ அப்பயணிகள். அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பலர் மகிழ்ந்தே கொடுத்திருப்பர் என்று நம்புகின்றேன். கேளாமல் எடுக்கப்பட்டதால், கொடுத்தோம் என்னும் நிறைவுகூட அவர்களுக்கு வாய்க்காமற் போயிற்று.

இக்கதையில் மிகவும் விந்தையான பகுதியை இறுதிக்கென வைத்திருந்தேன். ‘வோலண்டம்’ என்னும் பெயரில் அக்கம்பெனிக்கு முன்னரும் ஒரு கப்பல் இருந்தது. 1922-இல் கடலிறங்கிய அப்பழைய வோலண்டம், இரண்டாம் உலகப் போரில் இங்கிலாந்திலிருந்து 320 சிறுவர் சிறுமியரைப் பாதுகாப்பாகக் கனடாவுக்கு அழைத்துச் செல்லப் புறப்பட்டது. 1940 ஆகஸ்டு 30-ஆம் நாள் இரவு, நீர்மூழ்கிக் கப்பலொன்று அதனைத் தாக்கியது. குழந்தைகள் அனைவரும் படகுகளில் இறக்கிக் காப்பாற்றப்பட்டனர். கப்பலின் கணக்கர் ஒருவர் மட்டும் உயிரிழந்தார். அடிபட்ட கப்பலை ஸ்காட்லாந்துக் கரைக்கு இழுத்துச் சென்று செப்பனிட்டனர்.

போர் முடிந்தபின் அக்கப்பலையும் ஒரு குழுவினர் வாடகைக்கு எடுத்தனர். மெனோனைட் என்னும் சபையாரின் துயர்துடைப்புக் குழு அது. பதினாறாம் நூற்றாண்டில் கத்தோலிக்கக் குருவாயிருந்து விலகிய மெனோ சிமோன்ஸ் என்னும் ஹாலந்துக்காரரின் பெயரால் வழங்கும் அச்சபையார், ஆயுதம் ஏந்துவதைப் பாவமெனக் கருதுவோர். அதனால் நாடு நாடாகத் துரத்தப்பட்டனர். அவர்களின் முன்னோர் ஹாலந்திலிருந்து பிரஷ்யாவுக்கும், அங்கிருந்து 1789 முதல் உக்ரைனின் தினேப்பர் ஆற்றங்கரைக்கும் குடியேறியிருந்தனர். ஸ்டாலின் காலத்தில் பட்ட கொடுமைகளுக்குப் பின், 1943-இல் மேற்கு நோக்கி நடந்தவர்கள் அவர்கள். 1947 பிப்ரவரியில், ஜெர்மனியின் பிரேமர்ஹாஃபன் துறையிலிருந்து 2,300 பேருக்கு மேல் வோலண்டத்தில் ஏறினர்.

ஆக, உக்ரைனிலிருந்து வந்த அகதிகள் வோலண்டம் என்னும் கப்பலில் தங்கியது 2022-இல் முதன்முறையன்று. எழுபத்தைந்து ஆண்டுகளுக்கு முன்னரே அது நடந்துவிட்டது. கம்பெனி அப்பெயரைப் புதிய கப்பலுக்கு இட்டபோது இதையெல்லாம் எண்ணியிருக்க வாய்ப்பில்லை.

2022 செப்டம்பரில், அகதிகளை நகராட்சி வேறிடங்களுக்கு மாற்றிய பின்னர், புதிய வோலண்டம் தன் உல்லாசத் தொழிலுக்குத் திரும்பிற்று. ஹோட்டல் நியூயார்க்குக்கு எதிரே, சிறு பாலத்தைக் கடந்தால் வரும் காட்டன்ட்ரெஃக்ட் பகுதியில், கம்பெனியின் 1923-ஆம் ஆண்டுச் சரக்குக் கிடங்கொன்று 2025 மே மாதம் குடிபெயர்ந்தோரின் அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. ‘ஃபெனிக்ஸ்’ என்பது அதன் பெயர். அதனுள் இரண்டாயிரம் பழைய பெட்டிகளை அடுக்கிச் சுவர்களாக்கி, வழி தவறும்படியான ஒரு சுழல்பாதை அமைத்திருக்கின்றனர். இவை இரும்புப் பெட்டிகளல்ல. கைப்பிடி அற்றவை, கயிறு கட்டியவை, பெயரெழுதிய துண்டு ஒட்டியவை.

பழைய வோலண்டத்தில் சென்றவர்கள் போனஸ் அயர்ஸ் நகரில் இறங்கி, பராகுவே நாட்டில் மூண்டிருந்த உள்நாட்டுப் போரால் அங்கே கூடாரங்களில் மாதக்கணக்கில் காத்திருக்க நேர்ந்தது. பின்னர் ஆற்றுவழியே உள்நாடு சென்று, காடு திருத்தி ஓர் ஊர் அமைத்தனர். அந்நாட்டுக்குக் கடற்கரையே கிடையாது. ஊருக்கு அவர்கள் இட்ட பெயர் வோலண்டம். 1952-இல் கப்பல் உடைத்து விற்கப்பட்டுவிட்டது. ஊர் இன்றும் இருக்கின்றது.