ஒரு பானையா, பல பானைகளா?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் முன்னோர் மொழி. நம் புதுவயலில் இதற்கு விளக்கவுரை வேண்டியதில்லை. அரிசி ஆலைகள் நிறைந்த ஊர் இது. லாரியில் வந்து நிற்கும் மூட்டைகளை எவரும் அவிழ்த்துக் கொட்டிப் பார்ப்பதில்லை. குத்தூசியைச் செருகி எடுத்த ஒரு பிடி அரிசியை உள்ளங்கையில் பரப்பி, நொய் எவ்வளவு, கல் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று கண்ணாலும் பல்லாலும் கணித்து விலை பேசி முடித்துவிடுவர். ஆயினும் கைதேர்ந்த வியாபாரி மேலே கிடக்கும் மூட்டையை மட்டும் குத்துவதில்லை. அடியில் கிடப்பதை இழுத்துப் போடச் சொல்லி அதைக் குத்துவார். பழமொழியை அவர் மறுக்கவில்லை. அது எங்கே செல்லும், எங்கே செல்லாது என்பதை அறிந்து வைத்திருக்கிறார்.

அன்பு வாசகரே, அரிசியைப் பற்றி எழுத நாம் அமரவில்லை. பங்கின் கட்டடங்களில் உள்ள மின் இணைப்புகளைச் சோதிக்கும் பணி அண்மையில் நம் தலைமேல் வந்தது. மின் இணைப்புப் பெற்ற கட்டடங்களை ஐந்தாண்டுக்கு மிகாத இடைவெளியில் சோதிக்க வேண்டும் என்று 1956 ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் கூறின. 2010 இல் மத்திய மின்சார ஆணையம் வகுத்த பாதுகாப்பு ஒழுங்குமுறைகளும் அவ்வாறே கூறின. அவற்றின் இடத்தில் 2023 இல் புதியவை வந்துள்ளன. காலத்தை விதி சொல்லிவிடுகிறது. ஆனால் இரு நூறுக்கும் மேற்பட்ட சுவிட்சுகளும் பிளக்குகளும் உள்ள கட்டடங்களில் எத்தனையைத் திறந்து பார்ப்பது? அதைச் சோதிப்பவரும் சோதிக்கச் சொல்பவரும் கூடித்தான் முடிவு செய்தாக வேண்டியிருக்கிறது.

உரிமம் பெற்ற மின்பணியாளர் ஒருவரை அழைத்தோம். இளைஞர், நல்ல வேலைக்காரர். “சாமி, பத்துக்கு ஒண்ணு திறந்து பார்த்தாப் போதும். எல்லாத்தையும் கழற்றினா நல்லா இருக்கிறதும் கெட்டுப்போகும்” என்றார். இதைச் சோம்பலின் சொல் என்று எண்ணிவிடலாகாது. ஆலயத்தின் பழைய பகுதியில் மரச் சட்டத்தின்மேல் ஓடும் கம்பிகளுக்கு ரப்பர் உறை. ரப்பர் முதுமையடைந்தால் காய்ந்த அப்பளம்போல் ஆகிவிடும். திறந்து வளைத்தவுடன் உதிரும். ஆகவே எல்லாவற்றையும் கழற்றிப் பார்ப்பதே முழுப் பாதுகாப்பு என்பது உண்மையன்று. மேலும், எண்ணிக்கை பெருகினால் கண் களைக்கும். களைத்த கண் இருநூறு பார்த்தும் ஒன்றும் காணாது. வங்காளத்தின் சணல் வயல்களை 1937 முதல் மாதிரி முறையில் அளந்த பேராசிரியர் மகலனோபிசு, கவனமாக எடுத்த சிறு மாதிரி கவனமின்றி எடுத்த முழுக் கணக்கைவிட மேலானது என்பதை நம் நாட்டிலேயே நாட்டியவர்.

பங்குப் பேரவையில் இதை முன்வைத்தபோது, செலவு குறையும் என்று பலரும் இசைந்தனர். விடுதியில் மகளை விட்டிருக்கும் ஒரு தாய் மட்டும் எழுந்து, “எம் பிள்ளை படுக்கிற அறை அந்தப் பத்துல பார்க்கிற ஒண்ணா, பார்க்காத ஒன்பதுல ஒண்ணா, சாமி?” என்று கேட்டார். கூட்டத்தில் ஒருவரும் விடை சொல்லவில்லை.

அக்கேள்வியைக் கணக்காக மாற்றிப் பார்த்தோம். நூறு பிளக்குகளில் ஐந்து பழுதுற்றவை என்று கொள்வோம். சீட்டுக் குலுக்கிப் பத்தைத் திறந்தால், அந்த ஐந்தில் ஒன்றுகூடக் கண்ணில் படாமல் தப்புவதற்கு 100க்கு 58 பங்கு வாய்ப்பு உண்டு. இருபதைத் திறந்தால் அது 32 ஆகக் குறையும். நாற்பத்தைந்தைத் திறந்தால்தான் 5க்குக் கீழே இறங்கும். பழுதுற்றது ஒன்றே ஒன்றாயின், பத்தைத் திறப்பவன் அதைத் தவறவிட 100க்கு 90 வாய்ப்பு. கட்டடம் பொதுவாக நன்றாயிருக்கிறதா, அக்கறையோடு பராமரிக்கப்பட்டதா என்பதைப் பத்தில் ஒன்று சொல்லும். அந்தத் தாய் கேட்டதற்கு அது விடையாகாது.

மகாராட்டிர மாநிலம் பண்டாரா அரசு மருத்துவமனையில், பச்சிளங் குழந்தைகளின் பிரிவில் 2021 சனவரி 9 அன்று நள்ளிரவுக்குப் பின் தீப்பற்றி 10 குழந்தைகள் மாண்டனர். அத்தகைய அறையில் ஒரே ஒரு பழுது போதும். உறங்குவோரும், தாமே எழுந்து ஓட இயலாதோரும் இருக்கும் இடத்தில் மாதிரி பார்க்கும் பேச்சுக்கே இடமில்லை என்பது நமது துணிபு. எனவே விடுதியின் 64 இணைப்புகளும் ஒன்று விடாமல் சோதிக்கப்பட வேண்டும் என்று முடிவாயிற்று. அவ்வாறே மெயின் சுவிட்சு, எர்த் கம்பி, மின்கசிவு கண்டதும் இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. ஆகியவையும். இவை ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒன்றிரண்டே உள்ளவை. ஒன்றே உள்ளதில் மாதிரி எடுப்பது எங்ஙனம்?

மற்றவற்றுக்கு வருவோம். ஒரு சோறு பதமாவதற்குக் காரணம், பானையில் உள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில் ஒரே நெருப்பில் வெந்தது என்பதே. நம் கட்டடங்களோ அப்படி வெந்தவை அல்ல. ஆலயத்தில் மரச் சட்டம். மண்டபத்தில் சுவருக்குள் குழாய். மாடியில் பின்னாளில் சேர்த்த இரண்டு அறைகளில் வேறொருவர் இழுத்த கம்பி. செட்டிநாட்டுப் பெரிய வீடுகளிலும் இதே கதைதான்: முகப்பில் ஒரு காலத்து வேலை, இரண்டாம் கட்டில் வேறொரு காலத்து வேலை, திருமணத்துக்காக அவசரமாக இழுத்தது பின்கட்டில் அப்படியே நிலைத்திருக்கும். ஆண்டில் பெரும்பகுதி பூட்டிக் கிடந்து, ஒரே நாளில் அத்தனை விளக்கும் எரியும் வீடுகள் அவை. இங்கெல்லாம் மொத்தத்தை எண்ணிப் பத்தால் வகுப்பது பிழை. எத்தனை பானைகள் என்று முதலில் எண்ண வேண்டும். பிறகு பானைக்குப் பானை பதம் பார்க்க வேண்டும். சிறு பானையாயின் முழுவதையும் கொட்டிப் பார்த்துவிடலாம். மாடி அறைகளில் அப்படியே செய்தோம்.

இன்னொரு நிபந்தனையையும் எழுதி வைத்தோம். எதைத் திறப்பது என்பதைச் சீட்டுத்தான் சொல்ல வேண்டும். ஏணி எட்டும் இடம் சொல்லலாகாது. ஒன்றில் பழுது கண்டால் அந்தப் பானையில் மாதிரி முடிந்தது. மீதம் யாவும் திறக்கப்பட வேண்டும். மின்பணியாளர் சற்றே முகம் சுளித்தார். எனினும் கூலியை அதற்கேற்பப் பேசியபின் இசைந்தார். (உழைப்பைக் கூட்டிக் கேட்டுவிட்டுக் கூலியைப் பழைய கணக்கில் கொடுப்பவர்களுக்குச் சோதனைத் தாளில் நிரம்பிய கட்டங்கள் கிடைக்கும், சோதனை கிடைக்காது.)

மண்டபத்தில் 31 பிளக்குகள். சீட்டில் எட்டு வந்தன. ஏழு குறையற்றவை. எட்டாவதில் எர்த் கம்பி இணைக்கப்படாமல் வெட்டி மடக்கி உள்ளே தள்ளப்பட்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் மூன்று துளைகளும் ஒழுங்காகத்தான் இருந்தன. விளக்கும் எரிந்தது, மின்விசிறியும் சுழன்றது. நிபந்தனைப்படி மற்ற 23ஐயும் திறந்தபோது மேலும் மூன்று அவ்வாறே கிடந்தன. நான்கும் மேடைப் பக்கத்துச் சுவரில் அடுத்தடுத்து இருந்தவை. பழுது எங்கும் சமமாகத் தூவப்பட்டிருப்பதில்லை. ஒரே கை, ஒரே நாள், ஒரே அவசரம் என்று கூட்டமாகவே குடியிருக்கிறது. அந்தச் சுவரிலிருந்துதான் ஒலிபெருக்கிக்கு இணைப்புக் கொடுப்பது வழக்கம். இரும்புத் தண்டில் நிற்கும் மைக்கைப் பிடித்துக்கொண்டு மறைக்கல்விப் பிள்ளைகள் பாடுவதும் அங்கேதான்.

மெக்கர் வைத்துக் கம்பியுறையைச் சோதித்ததில் எல்லாச் சுற்றுகளும் 1 மெகாஓமுக்கு மேலேயே காட்டின. ஆனால் அது பங்குனி மாதம். ஈரம் சுவரில் ஊறும் ஐப்பசியில் அதே கம்பி வேறு எண்ணைக் காட்டக்கூடும். எர்த் பள்ளத்தின் நிலை இதற்கு நேர்மாறு: மழைக்குப்பின் நன்றாகக் காட்டும்; நம் செம்மண் வெடித்துக் காய்ந்த கோடையில்தான் அதன் உண்மையான பலவீனம் தெரியும். எந்த நாளில் பார்க்கிறோம் என்பதும் ஒரு மாதிரியே. ஆகவே எர்த் அளவைக் கோடையிலும் ஆலயத்துப் பழைய கம்பிகளை ஐப்பசியிலும் மீண்டும் ஒருமுறை பார்ப்பதென்று நாள் குறித்திருக்கிறோம்.

இங்கிலாந்தில் மின்விளக்கினால் நேரும் தீயைத் தடுக்க 1882 இலேயே பொறியாளர் சங்கம் ஒன்று விதிகள் வகுத்தது. அதன் வழிவந்த இன்றைய முறையில், எவற்றைச் சோதித்தார்கள் என்பதோடு எவற்றைச் சோதிக்கவில்லை, ஏன் என்பதையும் அறிக்கையில் எழுதியாக வேண்டும். நாமும் மின்பணியாளரிடம் அவ்வாறே கேட்டு வாங்கினோம். ஆலயக் கூரைக்குமேல் ஓடும் கம்பி, பீடத்தின் பின்புறம் மூன்று சுவிட்சுகள், பொருளறையில் அலமாரி மறைத்த ஒன்று, சீட்டில் வராத பத்தொன்பது. அந்தத் தாளின் ஒரு படியை மெயின் சுவிட்சுப் பெட்டியின் கதவுக்கு உட்புறம் ஒட்டியிருக்கிறோம். அடுத்த முறை வருபவர் அங்கிருந்தே தொடங்குவார்.