கண்ணும் கொண்ணும்

ஆடி 3, கோவை

எடின்பரோ சர்வகலாசாலையில் கெல்திய பாஷைகளைப் பயிலும் தமையன் மகள் நேற்றிரவு தொலைபேசியில் அழைத்து, "சித்தப்பா, கூடப் படிக்கிற ஒரு பொண்ணோட அப்பத்தா கேலிக் பேசுனவிங்க, வீட்டுல மத்தவிங்களுக்கு அது வரலீங்க. இப்ப அவ காசு கட்டி அதையே படிக்கிறா" என்று சொன்னதிலிருந்து என் மனம் அதைவிட்டு அகலவில்லை. ஸ்காட்லாந்தில் 1872ஆம் வருஷத்துக் கல்விச் சட்டம் அந்தப் பாஷைக்குப் பள்ளிக்கூடத்தில் இடமே வைக்கவில்லை. பத்தே வருஷத்தில், 1882இல், எடின்பரோவில் கெல்திய பாஷைகளுக்கென ஒரு பேராசிரியர் பீடம் ஏற்பட்டு, கொலன்சே தீவில் பிறந்து கேலிக்கையே தாய்மொழியாகப் பேசிய டொனால்டு மக்கின்னன் அதில் முதலாவதாக அமர்ந்தார். குழந்தைக்கு மறுக்கப்பட்டது பண்டிதருக்கு வழங்கப்பட்டது.

ஆடி 5

பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பகராதியை இன்று வெகு நேரம் புரட்டிக்கொண்டிருந்தேன். பல சொற்களில் தமிழுக்கும் மலையாளத்துக்கும் அடுத்த ஸ்தானத்தில், கன்னடத்துக்கும் முன்பாக, கோத்தர் பாஷையும் தோடர் பாஷையும் அமர்ந்திருப்பதைக் காணும்போது, பழைய கோயம்புத்தூர் ஜில்லாவைச் சேர்ந்திருந்த நீலகிரியின் அந்த அயலார் நமக்கு எவ்வளவு நெருங்கிய பந்துக்கள் என்பது விளங்குகிறது. நம் கண் தோடரிடம் 'கொண்'. நம் கை தோடரிடம் 'கொய்'. 1935இல் இந்தியாவுக்கு வந்து, மூன்று வருஷ காலத்தில் அந்த மலைவாசிகளின் பாட்டையும் கதையையும் வாய்மொழியாகக் கேட்டு எழுதிக்கொண்ட எமனோ, கேலிக் பேசிய குடியேறிகள் பலர் சென்று தங்கிய கனடாவின் நோவா ஸ்கோஷியாவில் பிறந்தவர் என்பதை எண்ணி எண்ணி மகிழ்ந்தேன்.

இரவு தமையன் மகளிடம் மற்றொன்றும் கேட்டேன். கெல்தியக் குடும்பத்தைச் சேர்ந்த வெல்ஷ் பாஷையில், நாவை லகரத்துக்கு வைத்துக்கொண்டு குரலை எழுப்பாமல் மூச்சை மட்டும் இருபுறமும் உரசவிடும் ஓர் ஒலி உண்டு. அதை அவள் சொல்லிக் காட்டினாள். தோடர் பாஷையிலும் அவ்வொலி உண்டு. உறவே இல்லாத இரு பாஷைகள் அவை. ஆயினும் எனக்கு மெய்சிலிர்த்தது.

ஆடி 8

ஸ்கை தீவில் 1973இல் ஒரு பழைய பண்ணைக் களஞ்சியத்தில் 'சபல் மோர் ஒஸ்டெய்க்' என்னும் கல்லூரியைத் தொடங்கினார்களாம். ஒஸ்டெய்க் என்னும் இடத்துப் பெரிய களஞ்சியம் என்பதே அப்பெயரின் பொருள். அங்கே கேலிக் ஒரு பாடம் மாத்திரமன்று, மற்றப் பாடங்களையும் கேலிக்கிலேயே போதிக்கிறார்கள். ஒரு பாஷையைப் பற்றிப் படிப்பதற்கும் ஒரு பாஷையில் படிப்பதற்கும் உள்ள தூரத்தை நான் இத்தனை வருஷமாக யோசித்ததில்லை. நம்முடைய சர்வகலாசாலைகளில் இருளர் பாஷையையும் கோத்தர் பாஷையையும் பற்றி அரிய இலக்கணங்களை எழுதியிருக்கிறோம், அவை வேண்டியவையே. ஆனால் மலையிலிருந்து இறங்கி வருகிற பிள்ளை அந்த நூல்களில் தன் வீட்டை அடையாளம் காணும் நாளுக்கு நாம் என்ன பிரயாசை எடுத்தோம்?

ஆடி 11, ஆனைகட்டி

பஸ்ஸை விட்டிறங்கி, அறிமுகமான ஓர் இருளர் வீட்டுத் திண்ணையில் மத்தியானம் முழுவதும் உட்கார்ந்திருந்தேன். பாட்டி தன் பேச்சிலேயே பேரனை ஏதோ ஏவ, அவன் தமிழிலேயே பதில் சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தான். "எங்க பேச்சு உங்களுக்கு எதுக்குங்க? இவனுக்கே வேண்டாங்குது" என்றார் அந்த அம்மாள். எனக்கு வேண்டும் என்றேன். மழைக்கு என்ன சொல்வீர்கள், வழிக்கு என்ன சொல்வீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சொல்லிப் பார்த்தேன். அவர்களுடைய உயிரொலிகளுள் சில நாவை வாயின் நடுப்புறத்துக்கு இழுத்துச் சொல்ல வேண்டியவை. என் நாக்கோ முன்னாலேயே நின்றது. அதுவரை பேசாதிருந்த பையன் திரும்பி, "அப்படியில்லீங்க ஐயா" என்று சொல்லி, அந்தச் சொல்லைத் தன் பாஷையில் நிறுத்தி நிறுத்தி எனக்கு மூன்று முறை சொல்லிக்கொடுத்தான்.