பிரிவின் விலை

2016-ஆம் ஆண்டு ஜூன் மாதத் தொடக்கத்தில், இலண்டன் மாநகரில் வாழும் எம் பழைய மாணாக்கர் ஒருவர் எமக்கு ஒரு மடல் விடுத்தார். அவர் அங்கு மருத்துவமனை ஒன்றிற் பணிபுரிபவர். அக்காலத்தில் இந்தியக் குடிமகனாகவே இருந்தவர். “ஐயா, இந்நாட்டார் ஐரோப்பிய ஒன்றியத்தில் தொடர்ந்து இருப்பதா, அதனின்றும் விலகுவதா என்று இம்மாதம் 23-ஆம் நாள் வாக்களிக்கப் போகின்றனர். எனக்கும் வாக்கு உண்டு. யான் செய்யத்தக்கது யாதென்று அருள்கூர்ந்து எழுதுக” என்பது அம்மடலின் சாரம்.

யாம் முதலில் இதனை நம்பினோமல்லோம். பிறநாட்டுக் குடிமகனுக்கு இத்தகைய வினாவில் வாக்குரிமையா? உசாவி அறிந்தபோது உண்மையென்றே தெரியவந்தது. காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் அங்கு முறைப்படி குடியிருப்பாராயின் அவர்க்கு வாக்குண்டு. ஆனால், அவருடைய அடுத்த வீட்டிலே பன்னிரண்டு ஆண்டுகளாகத் தச்சுத்தொழில் செய்து, தவறாது வரியும் செலுத்திவந்த போலந்து நாட்டவருக்கு அவ்வுரிமை இல்லை. ஒன்றியத்தின் பிற நாட்டாருள் அயர்லாந்து, மால்ட்டா, சைப்பிரஸ் என்னும் மூன்று நாட்டார்க்கே அஃது இருந்தது. எவருடைய வாழ்வு அவ்வினாவினால் தலைகீழாகக் கூடுமோ அவர் வாளாவிருக்க, எம் மாணாக்கர் வாக்குச்சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு எம்மிடம் யோசனை கேட்டார்!

யாம் அன்றிரவே விடை எழுதினோம். “விலகுக என்றே வாக்களிப்பீராக. தன் சட்டங்களைத் தானே இயற்றிக்கொள்ளாத நாடு நாடன்று” என்பது அதில் யாம் பெருமிதத்துடன் வரைந்த வாக்கியம். அந்நியராட்சி நீங்கிய கதையைப் பாட்டனார் வாயிலாகக் கேட்டு வளர்ந்த எமக்குத் தன்னாட்சி என்ற சொல் காதில் விழுந்ததும் வேறொன்றும் தோன்றவில்லை. பிரிட்டன் ஒருவருக்கும் அடிமைப்பட்டு அவ்வொன்றியத்துட் புகுந்ததன்று என்பதையும், 1973-இல் தானே விரும்பிச் சேர்ந்து, 1975-இல் மக்களைக் கேட்டு நூற்றுக்கு 67 பேரின் இசைவையும் பெற்றது என்பதையும், அவ்வொன்றியத்தின் சட்டங்களை இயற்றும் அவைகளில் அதற்கும் இடமும் வாக்கும் இருந்தன என்பதையும் யாம் நிறுத்துப் பார்க்கவில்லை. உவமை பொருந்தாதென்று மாணாக்கரின் கட்டுரைகளைத் திருத்தும் யாமே பொருந்தாத உவமையொன்றை இலண்டனுக்கு அனுப்பினோம்.

அவரும் எம் சொற்படியே வாக்களித்தார். விலகுக என்றவர் நூற்றுக்கு 51.9, இருக்க என்றவர் 48.1. ஏறத்தாழ 1 கோடி 74 இலட்சம் பேர் ஒருபுறமும், 1 கோடி 61 இலட்சம் பேர் மறுபுறமும் நின்றனர். இங்கிலாந்தும் வேல்ஸும் விலக விரும்பின. ஸ்காட்லாந்திலோ நூற்றுக்கு 62 பேர் இருக்கவே விரும்பினர். வட அயர்லாந்திலும் இருக்க விரும்பியவரே மிக்கார். பதினாறு, பதினேழு வயதினர்க்கு 2014-இல் ஸ்காட்லாந்தின் பிரிவினை பற்றிய வாக்கெடுப்பில் இருந்த உரிமை இதில் இல்லை. இத்தனை குறுகிய வேறுபாட்டால் இத்தனை பெரிய காரியத்தை முடிக்கலாமோ என்று தோற்றவர் கேட்டனர். அந்நாட்டின் வரலாற்றில் வேறெதற்கும் இத்துணை மக்கள் வாக்களித்ததில்லை. கேட்டுவிட்டுக் கேளாததுபோல் இருப்பதுதான் குடியாட்சியோ என்று வென்றவர் கேட்டனர். இரண்டாவது கேள்வியை எளிதில் தள்ளிவிட எம்மால் இன்றும் இயலவில்லை.

இடர்ப்பாடு வேறோரிடத்தில் இருந்தது. எம் தந்தையாரும் சிற்றப்பன்மார் இருவரும் பாகம் பிரித்துக்கொண்டதை யாம் சிறுவராயிருந்தபோது கண்டிருக்கின்றோம். நிலத்தைச் சங்கிலி போட்டு அளந்து ஒரே நாளில் மூன்றாக்கினர். கிணறு மட்டும் பதினோராண்டு வழக்காயிற்று! யாருடைய முறை எந்நாள், வண்டித்தடம் யார் வரப்பின் வழியே செல்வது என்பவற்றைப் பிரியும் நாளில் ஒருவரும் பேசவில்லை. பேசினால் பிரிவு நின்றுவிடும் என்று ஒவ்வொருவரும் அஞ்சினர் போலும். பிரிட்டனுக்கு அயர்லாந்தின் எல்லையே அக்கிணறு. ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள அவ்வெல்லையில் சோதனைச்சாவடிகள் மீண்டும் எழுந்தால், 1998-ஆம் ஆண்டின் உடன்படிக்கையால் கிடைத்த அமைதி குலையுமே என்று அஞ்சினர். ஆகவே பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்து செல்லும் சரக்குகளுக்கே சோதனை வந்தது. ஒரே நாட்டின் இரு பகுதிகளுக்கிடையே கடலில் ஒரு கோடு விழுந்தது. வாக்குச்சீட்டில் இதைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. எவ்வாறு விலகுவது என்பதும் அதில் இல்லை. அதனாலன்றோ 2019 ஜனவரியில் பிரதம மந்திரி தெரசா மே கொணர்ந்த உடன்பாட்டைப் பார்லிமெண்டு 230 வாக்கு வேறுபாட்டில் தள்ளியது! 2020 ஜனவரி 31-ஆம் நாள்தான் விலகல் நிறைவேறிற்று.

செலவைப் பற்றி அங்கு பேசாமலில்லை. பேசிய முறையே பிழை. வாரந்தோறும் 35 கோடி பவுன் ஒன்றியத்திற்குப் போகின்றது, அதனை மருத்துவப் பணிக்கு ஆக்குவோம் என்று ஒரு பேருந்தின்மீது எழுதி ஊரெங்கும் ஓட்டினர். அத்தொகையில் ஒரு பகுதி கழிவாகப் பிரிட்டனிலேயே தங்கிவிடுவதாதலின், அரசாங்கத்தின் புள்ளிவிவர ஆணையம் அதனைக் கண்டித்தது. மறுபுறத்தில் நிதி அமைச்சகமோ, விலகும்படி வாக்களித்த அளவிலேயே நாடு பொருளாதாரத் தேக்கத்துள் வீழும் என்று அச்சுறுத்தியது. அவ்வாறு உடனே வீழவில்லை. மெய்யான இழப்பு கறையான் அரிப்பதுபோல் ஓசையின்றி வந்தது. அந்நாட்டின் வரவுசெலவுப் பொறுப்பு அலுவலகம், ஒன்றியத்தில் இருந்திருந்தால் எய்தக்கூடிய உற்பத்தித்திறனைவிட நெடுங்காலத்தில் நூற்றுக்கு 4 பங்கு குறையும் என்று கணித்தது. இஃது எவர் வீட்டுக்கும் பற்றுச்சீட்டாக வருவதன்று. ஆதலால் கேட்பாரும் இல்லை, கொடுத்தேன் என்பாரும் இல்லை.

தன்னாட்சிக்காக ஒரு நாடு வறுமையையும் ஏற்கலாம். அவ்வாறு ஏற்ற நாடுகளை யாம் வணங்குவோம். ஆனால், விலையைச் சொல்லாமற் பெற்ற இசைவு எத்தகைய இசைவு? பேருந்தில் எழுதியவரை ஏசிக்கொண்டிருந்த ஒருநாள், எம் மடலிலும் விலை எழுதப்படவில்லை என்பது எமக்கு நினைவு வந்தது. அவர்களாவது ஒரு தொகையை எழுதினர்.

போலந்துத் தச்சர் தங்கியிருக்க வேண்டுமாயின் 2021 ஜூன் 30-க்குள் விண்ணப்பித்தல் வேண்டும் என்றாயிற்று. அவருக்கு உரிமை கிடைத்திருக்கும், ஐயமில்லை. எனினும், “இத்தனை ஆண்டுக்குப் பின் இருக்கலாமா என்று கேட்டு நிற்பதா?” என்று சொல்லி ஊருக்குத் திரும்பிவிட்டார். போகுமுன் தம் இழைப்புளியை எம் மாணாக்கரிடம் கொடுத்துச் சென்றாராம். தாம் எவ்வாறு வாக்களித்தோம் என்பதை இவர் அவரிடம் சொல்லவே இல்லை.

எம் மாணாக்கர் இப்போது பிரிட்டிஷ் குடிமகன். சென்ற திங்களில் அவரிடமிருந்து மற்றொரு மடல் வந்தது. மீண்டும் ஒன்றியத்திற் சேர்வதா என்று என்றேனும் மக்களைக் கேட்பாராயின், தாம் என் செய்வது என்று வினவியிருக்கின்றார். மேசைமேல் அம்மடல் கிடக்கின்றது. முன்னதற்கு ஓரிரவில் விடை எழுதிய யாம், இதற்கு இன்னும் எழுதினோமல்லோம்.